ஒரு சொட்டு ஒழுகாத செடிப்பெட்டி

செடிக்குச் சேலை வேண்டாம், நகை வேண்டாம், நல்ல வார்த்தை கூட வேண்டாம். அடியில் ஒரு ஓட்டை இருந்தால் போதும். குடித்தது போக மிச்சத் தண்ணீர் வெளியே போக வேண்டும், அவ்வளவுதான் அது கேட்பது. இதைத் தெரிந்துகொள்ள யாரும் காலேஜுக்குப் போக வேண்டியதில்லை. ஆடு மேய்க்கிறவர்களுக்கும் தெரியும், ஆட்டுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். ஆனால் நாமக்கல்லில் ஆயுசு முழுக்க லாரிக்குப் பாடி கட்டிய ஒரு மனிதரிடம் இதைச் சொல்லி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்த மனிதர் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர்.

அவருடைய பட்டறைக்கு ஒரு பேர் உண்டு. மேலே தார்ப்பாயை ஒழுங்காகக் கட்டிவிட்டால், அவர் கட்டிய மரப் பாடியில் சர்க்கரை மூட்டையை ஏற்றிக்கொண்டு அடைமழையில் அசாம் வரை போகலாம், ஒரு மூட்டை நனையாது என்பார்கள். ஊர் ஒரு தரம் சொன்னால் அவர் பத்துத் தரம் சொல்வார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு என் அப்பாவிடம் அவர் பேசிய முதல் பேச்சே, "நம்ம பாடில ஒரு சொட்டு ஒழுகாதுங்க மாமா" என்பதுதான். பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா, பெண் எவ்வளவு படித்திருக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை. நான் காப்பித் தட்டோடு நின்றேன். அவர் சைடு பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவில் சந்து விடாமல் எப்படி இறுக்குவது என்று கையால் காட்டிக்கொண்டிருந்தார்.

போன சித்திரையில்தான் தோட்டத்தை விட்டு இந்த டவுன் வீட்டுக்கு வந்தோம். அவருக்கு நெஞ்சு வலி வந்து ரத்தக் குழாயில் ஸ்பிரிங் வைத்திருந்தார்கள். இனிமேல் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்க வேண்டும், தோட்டத்தில் தனியாகக் கிடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெங்களூரில் வேலையாக இருக்கும் எங்கள் மகன், நாமக்கல்லில் ஒரு வீட்டைக் கட்டி முடித்துப் பூட்டி வைத்திருந்தான். சாவியைக் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்தான். தோட்டத்தைப் பங்காளி ஒருவர் பார்த்துக்கொள்கிறார். அங்கே இருக்கும் எங்கள் ஓட்டு வீட்டை அப்படியே பூட்டிவிட்டு வந்தோம்.

வீட்டைக் குறை சொன்னால் என் வாய் அழுகிப்போகும். நல்ல வீடு. போர்ட்டிகோவில் தந்தக் கலர் டைல்ஸ், முகம் தெரியும். அதைத் தாண்டி கேட் வரைக்கும் சிமெண்ட். பக்கவாட்டில் சிமெண்ட், பின்னால் சிமெண்ட். நெற்றியில் வைத்துக்கொள்ளும் அளவுக்குக் கூட மண் கிடையாது. மாடியில் சூரிய ஒளித் தகடுகள். அங்கே இடம் இருந்தாலும் என் மூட்டுவலிக்கு அந்தப் படி ஏற முடியாது. பொழுது விடிந்ததும் வாய்க்கால் வரப்பு என்று சேற்றில் நடந்த கால், இப்போது வழுக்கிவிடுமோ என்று பயந்து பயந்து நடந்தது.

இது போதாது என்று போர்ட்டிகோ மூலையில் ஒரு கேமரா வேறு. "உங்க பாதுகாப்புக்குத்தாம்மா" என்றான் மகன். பெங்களூரில் உட்கார்ந்தபடி போனில் எங்கள் வாசலைப் பார்ப்பான். நான் ஒரு பழைய பெயிண்ட் வாளியில் புதினாக் குச்சியை ஊன்றி வாசல் ஓரமாக வைத்தேன். வைத்துவிட்டு முந்தானையில் கை துடைப்பதற்குள் போன்.

"அம்மா, அந்த வாளிய எடுத்திருங்கம்மா. எலிவேஷனே கெட்டுப்போகுது."

எலிவேஷன் என்றால் வீட்டின் முகமாம். என் வீட்டுக்காரர் உடனே வாளியைத் தூக்கிக்கொண்டுபோய்க் குப்பை வண்டியில் போட்டுவிட்டு வந்தார். புதினாவுக்குத் துளிர்விடக் கூட நேரம் கொடுக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்றைக்கு ரசத்தில் உப்பே போடவில்லை. அவரும் உப்பில்லை என்று சொல்லாமல் குடித்தார்.

ஆடி பிறந்தது. ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். நானோ டைல்ஸைத் தேடித் தேடித் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் துடைத்துக்கொண்டிருக்கும்போதே ஓவென்று அழுகை வந்துவிட்டது. துணியைக் கீழே போட்டுவிட்டு, உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்றேன்.

"ஏனுங்க, தைப்பொங்கலுக்குள்ள இந்த ஊட்டுல ஒரே ஒரு செடியாச்சும் உசுரோட நிக்கோணும். நிக்கலீன்னா நான் தோட்டத்துக்குப் போயிருவேன். நீங்க இங்கியே இருந்துக்குங்க."

முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. தோட்டத்துக்கு அவரால் வர முடியாது, டாக்டர் விடமாட்டார். இங்கே தனியாக இருந்தால் அடுப்பை எப்படிப் பற்றவைப்பது என்று கூடத் தெரியாது. நான் வெறும் வாய்ப்பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். டிவியை அணைத்தார்.

ஒரு மண்தொட்டி வாங்கி வந்திருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். ஆனால் மகனிடம் யோசனை கேட்டார் பாருங்கள், அங்கேதான் சனி பிடித்தது. அவன் ஏதோ ஒரு வெளிநாட்டு வீட்டுப் படத்தை அனுப்பினான். வராந்தா நெடுக மரப்பெட்டி, பெட்டி நிறையப் பூ. "இதுதாம்ப்பா இப்ப ட்ரெண்டு." இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பூவைப் பார்க்கவில்லை. பெட்டியின் மூலையைப் பார்த்தார்.

"வெறும் ஆணி அடிச்சிருக்கறான் புள்ள. போல்ட்டே இல்ல. பலகைக்கும் பலகைக்கும் நடுவுல வெரலு போகுது. ரெண்டு மழை தாங்குமா இது?" என்று அந்த வெள்ளைக்காரனுக்காக வருத்தப்பட்டார்.

மறுநாளே பட்டறைக்குப் போய்விட்டார். பட்டறையை இப்போது அவருடைய அண்ணன் மகன் நடத்துகிறான். எல்லாம் இரும்பு பாடி. பின்பக்கம் பழைய பாடிகளைப் பிரித்த மரப்பலகைகள் கிடந்தன. அதில் நல்லதாகப் பொறுக்கி எடுத்து வேலையை ஆரம்பித்தார். செடி வைக்க ஒரு பெட்டி. அதற்கு அடியில் குறுக்குச் சட்டம், மூலைக்கு மூலை இரும்புப் பட்டை, பட்டைக்குப் பட்டை போல்ட். சந்தெல்லாம் மக்கு வைத்து அடைத்தாயிற்று. அப்புறம் உள்பக்கம் முழுக்கத் தகரம் அடித்தார். அதோடு விட்டாரா? கரையான் வரக்கூடாது என்று வெளிப்பக்கம் லாரியில் கழித்த கருப்பு ஆயிலை இரண்டு கை பூசி, அது காய்ந்த பிறகு பெயிண்ட் அடித்தார். சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வரும்போது மேலெல்லாம் ஆயில் வாடை. முகத்தில் மட்டும் புதுமாப்பிள்ளைக் களை.

பெட்டி குட்டியானை லோடு வண்டியில் வந்து இறங்கியது. வண்டிக்காரர், பக்கத்து வீட்டு வாட்ச்மேன், ரோட்டில் போனவர்கள் என்று கைக்குக் கிடைத்தவர்களெல்லாம் சேர்ந்து தூக்கினார்கள். நான் வெளியே வந்து பார்த்தேன். சிவசிவா! செடிப்பெட்டியா அது? சக்கரம் இல்லாத லாரி. பழுப்பும் மஞ்சளும் அடித்து, நடுவில் தாமரை. இரண்டு பக்கமும் சிறகு விரித்த கழுகு. முன்பக்கம் "குலதெய்வம் துணை". பின்பக்கம், சுவரைப் பார்த்த பக்கத்தில், "இடைவெளி விட்டு வரவும்". ராத்திரியில் வெளிச்சம் பட்டால் மின்னுகிற சிவப்பு வில்லையை நாலு மூலைக்கும் ஒட்டியிருந்தார்.

"ஏனுங்க, இதை யாரு வந்து மோதப்போறாங்க?"

"இருக்கட்டும் புள்ள. பாடின்னா அப்படித்தான்."

இறக்கி வைத்ததும் ஓஸ் பைப்பை எடுத்து வந்து பெட்டி நிறையத் தண்ணீர் விட்டார். பட்டறையில் பாடி முடிந்ததும் தண்ணீர் அடித்து ஒழுகுகிறதா என்று பார்ப்பது வழக்கம். அதே சோதனையாம். தண்ணீர் ஒரு பகல் முழுக்க நின்றது. அக்கம்பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டுக் கீழே குனிந்து பார்க்கச் சொன்னார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்த பெரிய மனிதர்களெல்லாம் தரையில் தலை முட்டும்படி குனிந்து பார்த்து, "ஒரு சொட்டு இல்லீங்களே!" என்று ஆச்சரியப்பட்டார்கள். மகன் கேமராவில் பார்த்துவிட்டுக் கட்டைவிரல் படம் அனுப்பினான்.

எனக்குப் பகீர் என்றது.

"ஏனுங்க, அடியில ஓட்டை எங்கீங்க?"

நான் ஏதோ அவர் தலையில் ஓட்டை போடச் சொன்னது போலப் பார்த்தார். "நான் கட்டுன பாடில ஓட்டையா?"

"இது பாடி இல்லீங்க. செடி வெக்கிற பெட்டி. தண்ணி வடியோணும்."

"தண்ணி வடிஞ்சா அதுக்குப் பேரு பெட்டியா? சல்லடை. ஊத்தறதை அளவா ஊத்து. ஓட்டை போட்டுத்தான் செடி வளக்கோணும்னா உனக்கு வளக்கத் தெரியலீன்னு அர்த்தம்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்குக் கூடமும் கோணல், ஆட்டமும் கோணல், ஆனால் பழி என் மேல். மற்றவர்கள் பிடித்த முயலுக்கு மூன்று கால் இருந்தால் இவர் பிடித்ததற்குக் கால் ஒன்று கூட இருக்காது.

அதற்கு மேல் பூஜை ஒன்று நடந்தது. எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினார். சக்கரத்துக்கு அடியில் வைக்க வேண்டிய எலுமிச்சம்பழத்தைச் சக்கரம் இல்லாததால் பெட்டியின் காலுக்கடியில் வைத்தார். லாரி நகர்ந்தால் பழம் நசுங்கும். பெட்டி எங்கே நகர்கிறது? பழம் அங்கேயே கிடந்து அழுகியது. பூசணிக்காய் உடைக்கும்போது டைல்ஸ் கறைபடும் என்று ரோட்டுக்குப் போய் உடைத்துவிட்டு வந்தார். அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தோட்டத்திலிருந்து செம்மண்ணும் மக்கிய கோழி எருவும் வந்தது. அந்த மண்ணைக் கையில் அள்ளியதும் எனக்கு உடம்பே சிலிர்த்தது. மல்லிச் செடி ஒன்று, கறிவேப்பிலைக் கன்று ஒன்று வைத்தேன். அளவாகத்தான் ஊற்றினேன். கிள்ளி ஊற்றினேன் என்றே சொல்லலாம். ஆனால் ஆவணியில் இரண்டு நல்ல மழை சாரலோடு அடித்துப் பெட்டியை நிரப்பியது. மழைக்கு அளவு தெரியுமா? கறிவேப்பிலை முதலில் மஞ்சளாகி உதிர்ந்தது. மல்லி நுனியிலிருந்து கறுத்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர் குழகுழவென்று, மோந்து பார்க்க முடியாத நாற்றம்.

அவர் காரணங்களை அடுக்கினார். மண் சரியில்லை. கண்ணேறு பட்டுவிட்டது. கறிவேப்பிலையை வெள்ளிக்கிழமை வைத்திருக்கக் கூடாது. கடைசியில், "உன்ற கைராசி முன்ன மாதிரி இல்ல புள்ள" என்றார். மஞ்சள் காடும் கரும்புக் காடும் பார்த்த கை இது. இந்தக் கையைச் சொல்ல அவருக்கு எப்படி மனசு வந்தது? அன்றைக்கு ரசமே வைக்கவில்லை.

அடுத்தது அரளி. பனமரத்துப்பட்டிப் பக்கம் எங்கள் ஒறம்பரை, சொந்தக்காரர் ஒருவர் அரளி போட்டிருக்கிறார். அங்கிருந்து வேர்விட்ட குச்சியாக வரவழைத்தேன். அரளியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? சேலம் பைபாஸ் நடுவில் வெயிலும் லாரிப் புகையும் தின்று கொண்டு, கேட்பாரில்லாமல் பூத்துக்கொண்டு நிற்கிற செடி. ஆடும் தொடாது, மாடும் தொடாது. அதைச் சாகடிக்க வேண்டுமென்றால் அதற்கென்று பிறந்திருக்க வேண்டும். என் வீட்டுக்காரரின் பெட்டி பிறந்திருந்தது. ஐப்பசி மழையில் பெட்டி குளமாகி, அரளி இடுப்பளவு சேற்றில் நின்று இலையெல்லாம் கொட்டிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்கிற பெண் வந்தது. நேராகப் பெட்டிக்குப் போய் டார்ச் அடித்துப் பார்த்தது. "ஏங்க்கா, தொட்டிய மூடி வெக்க மாட்டீங்களா? எவ்வளவு புழு பாருங்க" என்று சொல்லி, பையிலிருந்து மருந்தை எடுத்துப் பெட்டிக்குள் ஊற்றிவிட்டது.

"அது தொட்டி இல்ல சாமி, செடி வெச்சிருக்கறேன்" என்றேன்.

"செடி எங்கீங்க்கா?" என்றது அந்தப் பெண். நல்ல கேள்விதான்.

இவ்வளவு நடந்தும் பெட்டியின் புகழ் மட்டும் குறையவில்லை. பக்கத்து வீட்டில் கோழிப்பண்ணைக்காரரின் மனைவி இருக்கிறாள், என்னை விட வயதில் சின்னவள். அவளுக்கு அந்தக் கழுகின் மேல் ஒரு கண். எனக்கும் ஒன்று வேண்டுமென்று கேட்க, இவர் ராப்பகலாக நின்று கட்டிக்கொடுத்தார். அவள் புத்திசாலி. மண்ணே போடவில்லை. பெட்டி முழுக்கத் தெர்மாகோலை அடைத்து, பிளாஸ்டிக் ரோஜாவைக் குத்தி வைத்தாள். வாரம் ஒரு தரம் ஷாம்பு போட்டுக் கழுவுவாள்.

"வாடறதே இல்லீங்க்கா. மாமா கட்டுன பெட்டிக்கு இதுதானுங்க பொருத்தம்" என்றாள் என்னிடம். நக்கலா, நிஜமா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

இவர் என்ன செய்தார் தெரியுமா? மதில் பக்கம் என்னைக் கூட்டிக்கொண்டு போய், "பாத்தியா, அந்தூட்டுல எப்படி நிக்குதுன்னு? பெட்டி மேல என்ன குத்தம்?" என்றார். எனக்குச் சிரிப்பதா, மண்டையில் ஒரு கொட்டு வைப்பதா என்று புரியவில்லை.

கார்த்திகை முடிந்தது. தோட்டத்து வீட்டைக் கூட்டிச் சுத்தம் செய்து வைக்கச் சொல்லிப் பங்காளி வீட்டுக்குப் போன் மட்டும் போட்டேன். அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரின் பக்கத்தை நெடுநேரம் திருப்பவே இல்லை.

மார்கழியில் ஒரு காலை. கோலம் போடலாம் என்று வெளியே வந்தவள் பெட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். செத்துப்போன அரளிக் குச்சியில் பச்சை இலை! உச்சியில் ரோஸ் கலரில் பூ! கண்ணாடி போடவில்லை, இருந்தாலும் பூ பூதானே. குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டே கிட்டப்போய்த் தொட்டேன். சரசரவென்றது. இலைக்கடியில் பைண்டிங் கம்பி. கம்பியை முறுக்கியிருந்த முறுக்கைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, பட்டறை முறுக்கு.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு. இவர் பிளாஸ்டிக் பூவை என் கண்ணில் மறைக்கப் பார்த்தார். தோட்டக்காரி கண்ணில்! அவர் வழக்கம்போல டீக்கடைக்குப் போயிருந்தார். கோலப்பொடியை அப்படியே வைத்தேன். உள்ளே போய் அவருடைய டூல்ஸ் பெட்டியைத் திறந்து டிரில்லிங் மெஷினை எடுத்தேன். முக்காலியைப் போட்டு, மடங்க மாட்டேன் என்று அழுத காலை மடக்கி உட்கார்ந்து, பெட்டியின் அடிப்பக்கத்தில், "குலதெய்வம் துணை"க்குக் கீழே, மெஷினை வைத்து அழுத்தினேன். பலகை வழிவிட்டது. தகரம் கிரீச்சென்று கத்தியது. கத்தட்டும்.

அப்புறம் பீறிட்டது பாருங்கள் தண்ணீர்! மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த கருப்புத் தண்ணீர், சாக்கடையே பரவாயில்லை என்கிற நாற்றத்தோடு, தந்தக் கலர் டைல்ஸ் மேல் பரவிக் கேட் வரைக்கும் ஓடியது. பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை போட்டேன். உள்ளே போன் அடித்தது. யார் என்று எனக்குத் தெரியும். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு நன்றாக வந்தது.

அவர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். நானும் சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக நாக்கு நுனியில் வைத்திருந்தேன். அவர் பெட்டியைப் பார்க்கவே இல்லை. தரையைத்தான் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை இழுத்து, முழங்கால் போட்டு உட்கார்ந்து, தரையைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். குடித்த டம்ளரை எடுத்துக் கழுவத் தெரியாத மனிதர்.

"வெரசா அந்தப் பக்கெட்டை எடு புள்ள. கறை புடிச்சுக்கும். வெரசா!"

"உடுங்க, நான் தொடைக்கிறேன். நெஞ்சுல ஸ்பிரிங்கை வெச்சுட்டு இப்படிக் குனியாதீங்க."

அவர் கேட்கவில்லை. தேய்த்துக்கொண்டே பேசினார், என் முகத்தைப் பார்க்காமல்.

"ஓட்டை போடோணும்னு எனக்குத் தெரியாதா? நானும் காட்டுல பொறந்தவன்தான். ஓட்டை போட்டா தண்ணி எங்க வடியும்? இங்கதான வடியும்? அவன் பாத்துப் பாத்துப் பதிச்ச டைல்ஸ். வந்து ஒரு வார்த்தை கேட்டுப்போட்டான்னா அதுக்கப்புறம் இந்த ஊட்டுல எனக்குச் சோறு எறங்குமா? பூ வெச்சா நீ போக மாட்டீன்னு நெனச்சேன்."

ஒரு சொட்டு ஒழுகாது என்ற அத்தனை ஜம்பமும் அந்தப் பயத்துக்கு மேலே அடித்த பெயிண்ட். இரண்டு கை அடித்திருக்கிறார், அவ்வளவுதான். நான்தான் இந்த வீட்டில் ஒண்டிக்கொண்டு இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். என்னை விட மோசமாக ஒண்டிக்கொண்டு ஒருவர் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். அது தெரியாமல் ரசத்தில் உப்புப் போடாமல் விட்டேனே என்று இருந்தது. அதற்காகக் கோபம் எல்லாம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பிளாஸ்டிக் பூவைப் பிடுங்கி அவர் பார்க்கவே குப்பையில் போட்டேன்.

டைல்ஸ் கறை போகவில்லை. சோப்புத்தூள், எலுமிச்சை, கடைக்காரன் கொடுத்த ஏதோ திரவம், எதற்கும் அசையவில்லை. கேமராவில் தண்ணீர் ஓடியதை மட்டும் பார்த்த மகன் திரும்பப் போன் செய்தபோது, "பைப்பு ஒடைஞ்சு போச்சு சாமி, இப்பச் சரி பண்ணியாச்சு" என்று அவரே சொல்லிச் சமாளித்தார். பெட்டி வடிந்து காயட்டும் என்று விட்டேன். மண்ணை எல்லாம் எடுத்து, அடியில் உடைந்த ஓட்டுச் சில்லும் மணலும் போட்டு, மறுபடியும் நிரப்பினேன். பனமரத்துப்பட்டி ஒறம்பரையிடம் இன்னொரு அரளிக் குச்சி கேட்டபோது, "முன்ன குடுத்த குச்சி என்னாச்சுங்க?" என்றார். "அதை ஏன் கேக்கறீங்க, உங்க மாமா கட்டுன வண்டில ஏறிப் போயிருச்சு" என்றேன்.

குச்சி பிழைத்துக்கொண்டது. பொங்கலுக்கு முன்னால் கணுவில் துளிர் விட்டது. அவ்வளவுதான், கடுகு கடுகாக. நான் சொன்ன கெடுவுக்கு அது போதும். ஆனால் பொங்கலுக்கு மகன் வருகிறானே என்பதுதான் இரண்டு பேருக்கும் உள்ளுக்குள் இருந்தது.

வந்தான். காரை விட்டு இறங்கியதும் கண் தரைக்குத்தான் போனது. பெட்டியிலிருந்து கேட் வரைக்கும் பழுப்பாக ஒரு வாய்க்கால் மாதிரி கறை. குனிந்து விரலால் சுரண்டிப் பார்த்தான். பிறகு பெட்டியின் அடியில் இருந்த ஓட்டைகளைப் பார்த்தான்.

"இதுல யாரு ஓட்டை போட்டது?"

நான் வாயைத் திறப்பதற்குள், "நாந்தான்" என்றார் என் வீட்டுக்காரர்.

மகன் நம்பாமல் நிமிர்ந்தான். "நீங்களா? ஒரு சொட்டு ஒழுகாதும்பீங்களேப்பா?"

"செடின்னா ஒழுகோணும் சாமி. நான் கட்டுன பெட்டி, நாந்தான் ஓட்டை போட்டேன்."

எவ்வளவு கசப்பான மருந்தை விழுங்குகிறார் என்று எனக்குத்தான் தெரியும். பட்டறைக்காரர்கள் யாராவது அதைக் கேட்டிருந்தால் ஊரே சிரித்திருக்கும்.

மகன் கெட்டவன் இல்லை. குரலை உயர்த்தவில்லை. "சரி விடுங்கப்பா. ஆளைக் கூப்பிட்டு இந்தப் பெட்டிய எடுத்தரலாம். டைல்ஸ மாத்திக்கலாம். அம்மாவுக்கு நல்ல ஆர்ட்டிபிஷியல் செடியா வாங்கி வெச்சரலாம், பாக்க அப்படியே நெசச் செடியாட்டவே இருக்கும்" என்றான். போனைக் கையில் எடுத்தும் விட்டான்.

தோட்டத்து வீட்டுச் சாவி எங்கே வைத்திருக்கிறேன் என்று மனசு தேட ஆரம்பித்தது.

"ஆளைக் கூப்புடு" என்றார் அவர். "கூப்பிட்டா பெட்டியோட எங்களையும் ஏத்திவிடச் சொல்லு. நாங்க ரெண்டு பேரும் தோட்டத்துக்குப் போயிக்கிறோம்."

"என்னப்பா பேசறீங்க? அங்க போயி உங்க நெஞ்சுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா?"

"நெஞ்சு என்னுது சாமி. டைல்ஸ்தான் உன்னுது."

மகன் போனைச் சட்டைப் பையில் போட்டான். அப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு காரிலிருந்து பைகளை எடுத்துக்கொண்டு, கறையைத் தாண்டாமல் அதன் மேலேயே மிதித்து உள்ளே போனான்.

என்னோட பட்டறை, என்னோட பாடி, என்னோட பேரு என்று அவர் சொல்லிக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்திருக்கிறது. நாங்க ரெண்டு பேரும் என்று அவர் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். அதற்கப்புறம் தோட்டத்துக்குப் போக எனக்கு ஒன்றும் அவசரமில்லை.